பழக்க தோஷம்

— தலையைத் தூக்குங்க அக்கா. ஜெயிச்சிட்டோம். நூத்திநாலுக்கு நூத்திமூணு! வெளியில வராந்தா முழுக்க கேமரா. ஜெயிச்ச எம்.பி. மேசையில கவுந்து படுத்திருந்தா பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?

— கதவைச் சாத்து தம்பி.

— சாத்திட்டேன்.

— தாழ்ப்பாள்?

— அதுவும் போட்டாச்சு. உடம்புக்கு ஏதாவது பண்ணுதா? டாக்டரைக் கூப்பிடட்டுமா?

— டாக்டர் வந்து என்ன பண்ணப்போறார்? சரி, நீ எனக்கு பி.ஏ.வா வந்து எத்தனை வருஷம்?

— பதினாலு. நீங்க முதல் தடவை எம்.பி. ஆன அன்னிக்கே சேர்ந்துட்டேன்.

— இந்தப் பதினாலு வருஷத்துல ஒரு நாளாவது ஆளுங்கட்சி வரிசையில உட்கார்ந்திருக்கேனா?

— எங்க? மூணு தேர்தல்லயும் நீங்க ஜெயிச்சீங்க, நம்ம கட்சி தோத்துது. உங்க ராசி அப்படி.

— என் ராசியை விடு. அரசாங்கம் கொண்டுவந்த மசோதா எத்தனைக்கு ஓட்டுப் போட்டிருப்பேன்?

— எழுநூத்துக்குக் குறையாது. எல்லாத்துக்கும் எதிர்ப்புதான், சிவப்புப் பொத்தான்தான். கட்சி உத்தரவு அப்படி.

— எழுநூறு தடவை சிவப்பையே அமுக்கின விரலுக்கு என்ன பழக்கம் வந்திருக்கும்?

— எந்த விர... அக்கா! வேணாம். நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு தெரியுது. சொல்லாதீங்க.

— சிவப்பை அமுக்கிட்டேன்டா.

— நம்ம மசோதாவுக்கா?

— பின்ன, பக்கத்து வீட்டுக்காரி மசோதாவுக்கா?

— ஐயோ! பத்து செகண்ட் இருக்கே அக்கா! விதிப்படி பார்த்தா, பத்து செகண்டுக்குள்ள எத்தனை தடவை வேணும்னாலும் மாத்தலாம். கடைசியா அமுக்கினதுதான் ஓட்டு. பச்சைக்கு மாத்தியிருக்கக் கூடாதா?

— கண்ணைத் திறந்து வெச்சிருந்தா மாத்தியிருக்க மாட்டேனா? மணி அடிச்சதும் கண்ணை மூடிட்டேன். என்னை அறியாமலே மூடிடுச்சு. எங்க டெப்போ குட்டி ஞாபகம் வந்துடுச்சு.

— உங்ககூட கண்டக்டரா இருந்தவங்களா?

— ஆமா. பஸ் ஸ்டாண்டுல கக்கூஸ் கிடையாது, அதனால டூட்டிக்கு வந்தா சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டா. காலையில அஞ்சு மணிக்கு ஏறினா மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் வாயைக் கட்டிக்கிட்டு நிப்பா. முப்பத்தொம்பது வயசுல ரெண்டு கிட்னியும் போச்சு, அவளும் போயிட்டா. அவளுக்காகத்தானே இந்த மசோதாவே! எல்லா பஸ் நிலையத்துலயும் கழிப்பறை, தண்ணி, உட்கார ஒரு அறை. வானத்தை வில்லாவா வளைக்கச் சொன்னேன்? ‘உனக்கு வாங்கிக் குடுத்துட்டேன்டி’ன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே அமுக்கினேன். கண்ணைத் திறந்தா, யார் பேருக்கு எந்த நிறம்னு காட்டற போர்டு அணைஞ்சுபோய் மொத்தக் கணக்கு மட்டும் எரியுது. குனிஞ்சு பார்க்கறேன், என் விரல் சிவப்பு மேல உட்கார்ந்திருக்கு. விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி ஜம்முனு... என்னடா தோள் குலுங்குது? சிரிக்கறியா?

— இல்லக்கா. இருமல்.

— சிரிச்சுத் தொலை. நாளைக்கு ஊரே சிரிக்கப்போகுது. அஞ்சு தடவை கொண்டுவந்த மசோதா! ரெண்டு தடவை சபையைக் கலைச்சதுல காலாவதி. ஒரு தடவை வெள்ளிக்கிழமை மத்தியானம், சபையில மொத்தமே பத்தொம்பது பேர்னு ஒத்திவெச்சாங்க. நாலாவது தடவை...

— நாலாவதை மறக்க முடியுமா? சபாநாயகர் உங்க பேரை மூணு தடவை கூப்பிட்டார். நீங்க பாத்ரூம் போயிருந்தீங்க.

— அந்த மாடியில பெண்களுக்கு பாத்ரூம் இருந்திருந்தா மூணாவது கூப்பாட்டுக்குள்ள வந்திருப்பேன். ரெண்டு மாடி இறங்கி ஏறினா எப்படி வர்றது? சரி, இப்ப அஞ்சாவது தடவை, பெத்தவளே பிள்ளை கழுத்தை நெரிச்ச கதையாயிடுச்சு.

— இருங்க இருங்க. நான் வாசல்ல நின்னு தலையை எண்ணினேன். நம்ம பக்கம் சரியா நூத்திநாலு பேர். அவங்க பக்கம் நூத்திமூணு. அவங்கள்ல பாதிப் பேர் வெள்ளிக்கிழமைன்னு ஊருக்குக் கிளம்பிட்டாங்க. கணக்கும் அப்படியே வந்தது, அதனால எனக்குச் சந்தேகமே வரலை. ஆனா நீங்க சிவப்புன்னா நம்ம பச்சை நூத்திமூணுதானே? நூத்திநாலாவது பச்சை எங்கிருந்து வந்தது?

— நீயே சொல்லு.

— அவங்கள்ல ஒருத்தர் பச்சை அமுக்கியிருக்கார். மெஷின் குடுத்த பட்டியல் என் சட்டைப் பையிலேயே இருக்கு. ஜெயிச்ச சந்தோஷத்துல பிரிச்சே பார்க்கலை. இதோ... உங்க பேர்... எதிர்ப்பு. அடக் கடவுளே, அச்சுல பார்த்தா இன்னும் கொடுமையா இருக்கு.

— என் பேரை விட்டுட்டு அடுத்த பக்கத்துக்குப் போ.

— எதிர்ப்பு, எதிர்ப்பு, எதிர்ப்பு... அக்கா, இதை நீங்க உட்கார்ந்துக்கிட்டே கேளுங்க.

— உட்கார்ந்துக்கிட்டுத்தான்டா இருக்கேன்.

— பழைய போக்குவரத்து மந்திரி. ஆதரவு.

— யாரு? அந்த ஆளா? எனக்கு சஸ்பெண்ட் ஆர்டர் அடிச்ச ஆளா?

— அவரேதான். நீங்க பஸ்ஸை நிறுத்தின வீட்டுக்காரர்.

— அந்த மனுஷன் என் மசோதாவுக்கு எதுக்குடா பச்சை அமுக்கறார்? பஸ் கட்டணத்தை ஏத்தின அன்னிக்குக் கூட முகம் அசையாம உட்கார்ந்திருந்த ஆளு!

— உங்களுக்கு வந்த அதே வியாதியா இருக்கும். அவருக்குப் பதினாலு வருஷமா ஆளுங்கட்சி. எல்லாத்துக்கும் பச்சை. விரல் தானா போயிருக்கும்... ஃபோன் அடிக்குது, இருங்க. ஹலோ... ஆமா... எங்க?... எத்தனை பேர்?... சரி, வெச்சிடுங்க.

— என்னடா, முகம் செத்துப்போச்சு?

— அவங்க கொறடா ஆபீஸ் ரெண்டுபட்டுக் கிடக்காம். விதி நாப்பத்தேழைப் பிடிச்சுட்டாங்க.

— அந்த விதியையும் நீயே சொல்லிடு.

— மறு வாக்கெடுப்பு கேட்கலாம். ஆனா தோத்தவங்க கேட்க முடியாது. ஜெயிச்ச பக்கம் ஓட்டுப் போட்டவர் ஒருத்தர் கையெழுத்துப் போட்டுக் கேட்கணும், அதுவும் அன்னிக்கு சபை முடியறதுக்குள்ள. சபை முடியறது அஞ்சு மணிக்கு. இப்ப நாலு இருபத்தஞ்சு. விமான நிலையத்துக்குப் போன அவங்க ஆளுங்க நாப்பது பேரைப் பாதி வழியில திருப்பிட்டாங்களாம்.

— மறுபடி ஓட்டெடுத்தா?

— முப்பத்தொம்பது ஓட்டுல தோப்போம். அவங்க பக்கத்துல பச்சை அமுக்கினது ஒரே ஒருத்தர்தான். அவர் ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. அவரைத்தான் தேடறாங்க.

— நாம முந்திக்கிட்டு ஏதாவது எழுதிக் குடுக்க முடியாதா? நான் குடுக்கறேன்.

— உங்களால முடியாது. விதிப்படி பார்த்தா நீங்க தோத்த பக்கம்.

— என் மசோதா ஜெயிச்சுது, நான் தோத்துட்டேனா? நல்லா இருக்குடா உன் விதி!... யாரு அது கதவைத் தட்டறது? கேமராக்காரங்களா? போய்ச் சொல்லு, அக்காவுக்குத் தலைவலின்னு.

— ஒரு நிமிஷம்... ஐயா! நீங்களா? வாங்க... அக்கா, மந்திரி ஐயா.

— கதவைச் சாத்துப்பா. சீக்கிரம் சாத்து. என்ன கண்டக்டரம்மா, இடம் இருக்கா?

— மந்திரி சார்! கொறடா அனுப்பினாரா? கையில என்ன காகிதம்?

— மறு வாக்கெடுப்பு மனு. டைப் அடிச்சு, தேதி போட்டு, என் பேரும் போட்டுக் குடுத்துட்டாங்க. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. பேனா எடுத்துட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்தேன்.

— பேனா எடுக்க என் ரூமுக்கா வந்தீங்க?

— இல்லம்மா. எனக்கு சர்க்கரை. மனுஷனுக்கு எப்ப அவசரம் வரும்னு சொல்ல முடியலை. உன் ரூம்ல பாத்ரூம் இருக்கா?

— என்ன கேட்டீங்க?

— பாத்ரூம். போகலாமான்னு கேட்டேன்.

— தம்பி, கேட்டியா? சார் என்கிட்ட பாத்ரூம் கேட்கறார்!

— கேட்டேன்கா. வலது பக்கக் கதவு, ஐயா. விளக்கு சுவிட்ச் வெளியில இருக்கு. தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கம், தூக்கிப் போடணும்.

— நல்லாத் தூக்கியே போடறேன். அவ்வளவு சீக்கிரம் திறக்கக்கூடாது, என்ன நான் சொல்றது?

— அக்கா... உள்ள போயிட்டார். காகிதத்தோட போயிட்டார்! உள்ள உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுட்டா?

— பேனா இல்லைன்னாரே.

— பேனா இல்லாத எம்.பி. உண்டா அக்கா? சட்டைப் பையில ரெண்டு இருந்தது. நான் பார்த்தேன்.

— சும்மா இரு. நான் கேட்கறேன். மந்திரி சார்! கேட்குதா?

— இந்தக் கதவு ப்ளைவுட்தானேம்மா. எல்லாம் கேட்குது.

— இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி ஒரு கதவு முன்னாடி நான் நின்னேன். ஞாபகம் இருக்கா?

— என் வீட்டு கேட்டு முன்னாடி பஸ்ஸை நிறுத்தின பொம்பளையை மறப்பேனா? முப்பத்தெட்டுப் பயணிங்க இருந்தாங்க உன் பஸ்ல. அரசாங்க வண்டி. நடுரோட்டுல விசிலடிச்சு நிறுத்திட்டு, ‘மந்திரி வீட்டுல கக்கூஸ் இருக்குமில்ல’ன்னு கேட்டுக்கிட்டு உள்ள வர்றே.

— எட்டு மணி நேரம் சார். பஸ் ஸ்டாண்டுல ஒண்ணும் கிடையாது, டெப்போவுல பூட்டு. வயிறு வெடிச்சுடும்போல இருந்தது. வழியில எந்த வீடு பெருசா இருக்கோ அங்க நிறுத்திட்டேன். அது உங்க வீடா இருந்தா நான் என்ன பண்ணட்டும்? முப்பத்தெட்டுப் பேர்ல ஒருத்தராவது முணுமுணுத்தாங்களா?

— எங்க முணுமுணுத்தாங்க? பாதிப் பேர் இறங்கி உனக்குப் பின்னால வரிசையில நின்னுட்டாங்க! என் வீட்டு வாசல்ல பன்னண்டு பேர் வரிசை. மறுநாள் பேப்பர்ல அதுதானே போட்டோ.

— உங்க வாட்ச்மேன் விடலை. உங்க வீட்டம்மாதான் வந்து கேட்டைத் திறந்தாங்க. என் பையை வாங்கி வெச்சுக்கிட்டு, ‘போய்ட்டு வா, நான் பார்த்துக்கறேன்’னாங்க. நீங்க மறுநாள் சஸ்பெண்ட் ஆர்டர் அனுப்பினீங்க.

— அனுப்பினேன். எப்பப் போட்டேன்னு தெரியுமா கையெழுத்தை? பாத்ரூம்ல இருந்து வந்து கையைத் துடைச்சுக்கிட்டே போட்டேன். வீட்டுல அவ மூணு மாசம் என்கூடப் பேசலை. ‘ஒரு நாள் நீங்களும் இந்த மாதிரி யார் வீட்டு வாசல்லயாவது நிப்பீங்க’ன்னா. வாய் முகூர்த்தம்!

— அக்கா, நாலு நாப்பது.

— அந்த சஸ்பெண்ட் ஆர்டராலதான் சார் நான் தேர்தல்லயே நின்னேன். உங்களை எதிர்த்து, சுயேச்சையா. ஆயிரத்து நூறு ஓட்டு.

— டெபாசிட் காலி. எனக்குச் சிரிப்பா வந்தது. அடுத்த தடவை பக்கத்துத் தொகுதியில நின்னு முந்நூறு ஓட்டுல தோத்தே. அப்ப சிரிப்பு வரலை. மூணாவது தடவை ஜெயிச்சு, எதிர் வரிசையில, சரியா என் மூஞ்சிக்கு நேரா வந்து உட்கார்ந்துட்டே. அன்னியில இருந்து நானூத்திப் பத்துக் கேள்வி கேட்டிருக்கே என் இலாகாவை.

— நானூத்திப் பன்னண்டு, ஐயா. ரெண்டு கேள்வியை நீங்க தள்ளுபடி பண்ணினீங்க.

— உன் பி.ஏ. நல்லா எண்ணறான்மா. இன்னிக்கு வாசல்லயும் எண்ணிக்கிட்டு நின்னானே. உதடு அசையுது, ஊருக்கே தெரியுது.

— அக்கா! யாரோ ஓடி வர்ற சத்தம். நாலஞ்சு பேர்... கொறடாதான்! கதவைத் தட்டறாங்க.

— திற. நான் பேசறேன். வாங்க கொறடா சார்! வாழ்த்துச் சொல்லவா வந்தீங்க?... இல்லையா?... உங்க பெரியவரைக் காணோமா? அதுக்கு என் ரூமுக்கு வந்து கேட்கறீங்க? இருபத்தாறு வருஷமா எனக்கும் அவருக்கும் ஆகாதுன்னு ஊருக்கே தெரியும்... என்னது? பாத்ரூம் கதவு ஏன் சாத்தியிருக்குன்னா? உள்ள ஆள் இருந்தா சாத்தித்தான் இருக்கும்... யாருன்னா கேட்கறீங்க? ஏன் சார், உங்க வீட்டுல பாத்ரூம் கதவைத் தட்டி, யாரு என்னன்னு விசாரிச்சுட்டுத்தான் விடுவீங்களா? ஒரு மனுஷ உசிரு அவசரத்துக்கு ஒதுங்கியிருக்கு. நிம்மதியா இருக்க விடணும். அதைத்தானே ஒன்றரை மணி நேரம் கத்தினேன் சபையில? நீங்க தூங்கிட்டீங்க போல!... எட்டிப் பார்க்கணுமா? பாருங்க, தாராளமாப் பாருங்க. தம்பி, அந்தக் கேமராக்காரங்களை உள்ள கூப்பிடு. கொறடா சார் எம்.பி. அம்மா ரூம் பாத்ரூமை எட்டிப் பார்க்கணும்கறார். நல்லா ஃபோகஸ் பண்ணி எடுக்கட்டும்... என்ன, போறீங்களா? சரி, பார்த்துப் போங்க. படி இருக்கு.

— போயிட்டாங்க அக்கா! கேமரான்னதும் ஒரே ஓட்டம்.

— ரைட்டு. ஒன்பது வருஷம் ஓசி டிக்கெட்டுக்காரங்களை இறக்கி விட்டவ நான். மந்திரி சார், உசிரோட இருக்கீங்களா?

— சிரிக்க முடியாம வாயைப் பொத்திக்கிட்டு இருக்கேன்மா. மணி என்ன?

— நாலு அம்பத்தொண்ணு, ஐயா. இப்ப அவங்க கேன்டீன் பக்கம் தேடப் போயிருக்காங்க.

— சார், ஒண்ணு கேட்கறேன், மறைக்காம சொல்லுங்க. இப்ப நீங்க வெளியில போய்க் கையெழுத்துப் போடலைன்னா உங்களை என்ன பண்ணுவாங்க?

— கட்சியை விட்டு நீக்குவாங்க. அடுத்த தேர்தல்ல சீட்டு கிடையாது. எழுபத்தெட்டு வயசுல எனக்கு எதுக்கு சீட்டு? கால் வீங்குது.

— அப்படிச் சும்மா சொல்லாதீங்க. நாப்பது வருஷக் கட்சி உங்களுக்கு.

— நாப்பத்திரெண்டு. போன மாசம் தொகுதிக்குக் கார்ல போனேன். வழியில அவசரம். ரெண்டு மணி நேரம் ஒரு இடம் கிடைக்கலை. நானே மந்திரியா இருந்து கட்டின பஸ் ஸ்டாண்டுல வண்டியை நிறுத்தினேன். சுத்திச் சுத்திப் பார்க்கறேன், என் பேரு போட்ட கல்வெட்டு இருக்கு, கக்கூஸ் இல்லை. அந்தக் கல்வெட்டுக்குப் பின்னாடி போனேன்மா. நானே. அங்க ஒரு கண்டக்டர் பொண்ணு நின்னுக்கிட்டு இருந்தா. எனக்காக முகத்தைத் திருப்பிக்கிட்டா. அவளுக்குப் போறதுக்கு அந்த இடமும் இல்லை.

— இருங்க சார், கண்ணைத் துடைச்சுக்கறேன்.

— அக்கா, சுவர்ல இருக்கற ஸ்பீக்கரைக் கொஞ்சம் சத்தமா வைக்கறேன். சபையில நடக்கறது கேட்கும்... நாலு அம்பத்தெட்டு. அவங்க ஆளு ஒருத்தர் பேசிக்கிட்டே இருக்கார், நேரத்தை இழுக்கறார். சபாநாயகர் உட்காரச் சொல்றார்... மனு எதுவும் வரலைங்கறார்... அம்பத்தொம்பது... கடிகாரத்தைப் பார்க்கறார் போல, சத்தமே இல்லை...

— அடிச்சுத் தொலைங்கடா மணியை!

— அடிச்சுட்டாங்க! அடிச்சுட்டாங்க அக்கா! சபை ஒத்திவைப்பு! விதி நாப்பத்தேழு செத்துப்போச்சு! இனிமே யாரும் ஒண்ணும் பண்ண முடியாது!

— டேய், என்னைத் தூக்காதே, இறக்கி விடு! எம்.பி.டா நான்! சார், வெளிய வாங்க! மணி அஞ்சு!

— வந்துட்டேன், வந்துட்டேன். உன் தாழ்ப்பாள் நிஜமாவே இறுக்கம்மா. இந்தா, உன் பி.ஏ.கிட்ட குடு, மனு. கையெழுத்துப் போடாத காகிதம். சட்டம் போட்டு மாட்டி வைக்கச் சொல்லு. என் வாழ்க்கையில கையெழுத்துப் போடாம விட்டது இது ஒண்ணுதான்.

— அது என்ன சத்தம் வெளியில?

— ஜன்னல்கிட்ட வாங்க அக்கா. கேட்டுக்கு வெளியில பாருங்க. ஐந்நூறு கண்டக்டர் இருக்கும். எல்லாரும் விசிலடிக்கறாங்க. அங்க பாருங்க, ரோடு முழுக்க பஸ் நிக்குது, எவனும் நகரலை!

— அடிங்கடி! நல்லா அடிங்க! டேய், என் பழைய விசில் மேசை டிராயர்ல இருக்கு, எடு! குட்டி, கேட்குதாடி? கேட்குதா உனக்கு? ஜெயிச்சுட்டோம்டி!

— அழுவாதே கண்டக்டரம்மா. போ, முகம் கழுவிட்டுக் கேமரா முன்னாடி நில்லு. பாத்ரூம் இப்ப காலிதான்.

— போறேன் சார். ஆனா எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிக்கறது? பட்டியல் நாளைக்கு வந்துடும். ‘சொந்த மசோதாவுக்கே எதிர்ப்பு’ன்னு கொட்டை எழுத்துல போடுவாங்க.

— போடட்டுமே. நீயே முந்திக்கிட்டுச் சொல்லிடு. ஊர் சிரிக்கும், சட்டம் அழியாது.

— அதுவும் ரைட்டுதான். நல்லவேளை, ஒரு தப்பை இன்னொரு தப்பு காப்பாத்திடுச்சு. எழுநூறு தடவை சிவப்பை அமுக்கி என் விரலுக்குச் சிவப்பு பழக்கம். எழுநூறு தடவை பச்சையை அமுக்கி உங்க விரலுக்குப் பச்சை பழக்கம். எல்லாம் பழக்க தோஷம்!

— கொறடாகிட்ட நானும் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன்.

— சொல்லி வெச்சிருக்கீங்களா? அப்படின்னா?

— நான் முதல்ல அமுக்கினது சிவப்புதான்மா. உன் பி.ஏ. உதட்டைப் பார்த்தே கணக்குத் தெரிஞ்சு போச்சு, எப்படியும் நீ ஒரு ஓட்டுல ஜெயிச்சுடுவேன்னு. கட்சிக்கும் பாதகமில்லை, உனக்கும் பாதகமில்லைன்னு நிம்மதியா அமுக்கிட்டு போர்டைப் பார்க்கறேன், உன் பேருக்கு நேரா சிவப்பு எரியுது, நீ எதிர்ல கண்ணை மூடி உட்கார்ந்திருக்கே, நாலு செகண்ட்தான் மிச்சம். கண்டக்டர் கண்ணசந்து ஸ்டாப்பிங் தாண்டிப் போனா, பஸ்ல இருக்கறவன் எவனாவது ஒருத்தன் விசிலடிக்க வேணாமா?